தடைக்காலமா, ஓட்டைப் படகா? வங்கி நெருக்கடி பற்றி மாமாவுக்குச் சொன்ன விளக்கம்

மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் மாமாவின் விசைப்படகு கரையேறி நின்றது. அடிப்பலகையைச் சுரண்டி வண்ணம் பூசும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அத்தையின் போனுக்கு அந்த வாட்ஸ்அப் குரல் பதிவு வந்தது. இன்ன வங்கி இந்த வாரத்தோடு முடிந்தது, பணம் போட்டவர்கள் உடனே எடுத்துவிடுங்கள் என்று யாரோ மூச்சு வாங்கப் பேசியிருந்தார்கள். வங்கியின் பெயர் வேண்டாம், அது இன்றுவரை நன்றாகத்தான் நடக்கிறது. அத்தை மறுபேச்சில்லாமல் பாஸ்புக்கை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறிவிட்டார். மாமா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன் மாப்ளே, நான் போட்ட காசு அவன் பெட்டியில இருக்கணும்ல? அது எப்படி இல்லாமப் போகும்?"

நான் வங்கி ஊழியன் இல்லை. ராமநாதபுரத்தில் நாலைந்து கடைகளுக்கும் ஒரு ஐஸ் கம்பெனிக்கும் கணக்கு எழுதுகிறவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு டீக்கடையில் கிடைக்கும் பதில்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "எவனோ சுருட்டிக்கிட்டு ஓடிட்டான்" என்பார் ஒருவர். "கவர்மெண்ட் பாத்துக்கும்" என்பார் இன்னொருவர். "பெரிய ஆளுங்க கடனைத் தள்ளுபடி பண்ணா பேங்க் எப்படி உருப்படும்" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறையக் குழப்பமும் உண்டு. அன்று மாமாவுக்குச் சொன்னதையும், அப்புறம் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

## பெட்டியில் பணம் இருக்காது

நாம் வங்கியில் போடும் பணத்துக்கு டெபாசிட் என்று பெயர். நம் பார்வையில் அது சேமிப்பு, வங்கியின் பார்வையில் அது கடன். நாம் வங்கிக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். கேட்டால் திருப்பித் தர வேண்டியது அதன் பொறுப்பு. நாம் கொடுத்த நோட்டை அப்படியே லாக்கரில் வைத்திருந்தால் வங்கி நமக்கு வட்டி எங்கிருந்து தரும்? வாங்கிய பணத்தை அது வேறு ஆளுக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுக்கிறது. இரண்டு வட்டிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் அதன் பிழைப்பு.

நாம் 100 ரூபாய் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சிறு பங்கை வங்கி ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைத்தாக வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் இது 3 ரூபாய்க்கும் 4.50 ரூபாய்க்கும் இடையில் ஏறி இறங்கியிருக்கிறது. ரொக்க இருப்பு விகிதம் என்பது இதுதான். இன்னொரு 18 ரூபாயை அரசுக் கடன் பத்திரம் போன்ற, எளிதில் விற்றுக் காசாக்கக்கூடியவற்றில் போட வேண்டும். கிளையில் அன்றாடப் புழக்கத்துக்குக் கொஞ்சம் நோட்டு இருக்கும். மற்றதெல்லாம் யாரோ ஒருவர் வீடாகவோ, ஒருவர் கடையாகவோ, மாமாவைப் போல ஒருவர் படகாகவோ மாறி நிற்கிறது.

சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. அத்தை தன் பணத்தை நாளைக் காலையிலேயே கேட்கலாம். வீட்டுக்கடன் வாங்கியவரோ 20 வருடம் கழித்துத்தான் கட்டி முடிப்பார். நாளைக்கே கேட்கக்கூடிய பணத்தை வாங்கி 20 வருடம் கழித்து வரும் இடத்தில் கொடுத்திருப்பதுதான் வங்கித் தொழில். அதில் திருட்டு எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே நாளில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற தொழில் அது.

சீட்டு பிடிக்கிறவர்களுக்கு இது புரியும். 20 பேர் சேர்ந்த ஏலச்சீட்டில் மாதம் ஒருவர்தான் எடுக்க முடியும். இருபது பேரும் முதல் மாதமே வாசலில் வந்து நின்றால், சீட்டு நடத்தும் அக்கா எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் கையை விரிக்கத்தான் வேண்டும்.

## கையில் காசில்லாததும் கையைவிட்டே போனதும்

இனி சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் முதுகெலும்பு. மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் மாமா கையில் காசு இருக்காது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் வீட்டுச் செலவுக்கே போதாது. இதில் படகுப் பராமரிப்பு வேறு. ஆனால் மாமா நொடித்துப்போன ஆளா? இல்லை. பல லட்சம் பெறுமான படகு கரையில் நிற்கிறது. ஜூன் 15 விடிந்தால் இறாலும் நண்டும் கணவாயும் வரும். சொத்து இருக்கிறது, கையில் ரொக்கம் இல்லை, அவ்வளவுதான். இதைக் கைமுடை என்று வைத்துக்கொள்வோம். பொருளாதாரப் புத்தகங்கள் இதையே நீர்மைத் தட்டுப்பாடு என்கின்றன.

இன்னொருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் படகு பாறையில் மோதி அடிப்பலகை பிளந்துவிட்டது. கடன் பாக்கி 30 லட்சம். உடைந்த படகை விற்றால் 12 லட்சம் தேறும். அவர் சட்டைப்பையில் இன்றைக்கு 50,000 ரூபாய் இருக்கலாம். டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கித் தரலாம். ஆனாலும் கணக்குப்படி அவர் முடிந்துவிட்டார். கொடுக்க வேண்டியது சொத்தைவிட அதிகம். இது நொடிப்பு, பேச்சு வழக்கில் திவால்.

முதல் ஆளுக்குக் கடன் கொடுத்தால் அது உதவி. இரண்டாம் ஆளுக்குக் கொடுத்தால் கொடுத்தவர் பணமும் கடலோடு போகும். வங்கிகளுக்கும் இதே கதைதான். நெருக்கடி என்று வந்தவுடன் ரிசர்வ் வங்கி முதலில் கேட்க வேண்டியது, இது தடைக்காலமா, ஓட்டைப் படகா என்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் வாசலில் வரிசை நிற்கும்.

கைமுடையில் இருக்கும் வங்கிக்கு மருந்து உண்டு. நல்ல பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு ரிசர்வ் வங்கி அதற்கு ரொக்கம் தரும். வேறு யாரும் தராதபோது கடைசியில் தருகிற கை என்பதால் இதைக் கடைசிப் புகலிடக் கடன் என்கிறார்கள். தடைக்காலத்தில் நகையை ஈடாக வாங்கிக்கொண்டு பணம் தரும் அடகுக்கடைக்காரர் செய்வதும் கிட்டத்தட்ட இதுவே. ஈடு நல்லதாக இருக்க வேண்டும், வட்டியும் உண்டு. ஓட்டைப் படகுக்கு இந்த மருந்து கேட்காது.

ஒரு தொல்லை, கைமுடை முற்றினால் நொடிப்பாக மாறும். அவசரத்துக்குப் படகை விற்றால் பாதி விலைக்குத்தான் போகும். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் இப்படித்தான் போனது. டெபாசிட் பணத்தை அது நீண்டகால அரசுப் பத்திரங்களில் போட்டிருந்தது. வட்டி விகிதம் ஏறியதும் பழைய, குறைந்த வட்டிப் பத்திரங்களின் விலை இறங்கியது. பொறுமையாக வைத்திருந்தால் முதிர்வில் முழுப் பணமும் வந்திருக்கும். ஆனால் டெபாசிட்தாரர்கள் பயந்து எடுக்க ஆரம்பித்ததும் நஷ்டத்துக்கு விற்க வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி பரவியதும் பயம் இரட்டிப்பானது. மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் வங்கியை மூடினார்கள். கிளை வாசலில் பெரிய கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. எல்லாம் போனிலும் கணினியிலும் முடிந்துவிட்டது. அத்தைக்கு வந்தது போன்ற குரல் பதிவுகளை நான் சிரித்துத் தள்ளாததற்கு இது ஒரு காரணம். வதந்தி பொய்யாக இருந்தாலும், எல்லோரும் நம்பிவிட்டால் அது தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: வங்கியில் நம் பணம் நோட்டாக இருக்காது, பிறர் வாங்கிய கடனாக இருக்கும். வங்கிக்கு வரும் நோய் இரண்டு, கைமுடையும் நொடிப்பும். மருந்தும் வேறு வேறு.

## வங்கியின் சொந்தக் காசு

சரி, ஒரு வங்கி ஓட்டைப் படகாகாமல் இருக்க என்ன வேண்டும்? மூலதனம் வேண்டும். இந்தச் சொல்லைத்தான் ஆளாளுக்கு ஒரு பொருளில் பேசுகிறார்கள். மூலதனம் என்பது பெட்டியில் பூட்டி வைத்த பணம் அல்ல. வங்கி நடத்தும் பணத்தில் கடன் வாங்காத பங்கு, அதாவது முதலாளிகளும் பங்குதாரர்களும் போட்ட சொந்தக் காசு.

படகையே எடுத்துக்கொள்ளலாம். 40 லட்சம் ரூபாய்ப் படகு. ஒருவர் 4 லட்சம் சொந்தமாகப் போட்டு 36 லட்சம் கடன் வாங்குகிறார். இன்னொருவர் 12 லட்சம் போட்டு 28 லட்சம் கடன் வாங்குகிறார். சந்தையில் படகு விலை 40-இலிருந்து 34 லட்சமாக இறங்குகிறது. முதல் ஆளின் 4 லட்சமும் போய், கடன் கொடுத்தவருக்கே 2 லட்சம் துண்டு விழுகிறது. இரண்டாம் ஆளுக்கு 6 லட்சம் நஷ்டம், வலிக்கும்தான். ஆனால் கடன் கொடுத்தவர் நிம்மதியாகத் தூங்கலாம். சொந்தக் காசு முதல் அடியை வாங்கிக்கொண்டது.

வங்கியில் அந்தக் "கடன் கொடுத்தவர்" யார்? அத்தைதான். பங்குதாரரின் காசு எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு அத்தை பத்திரம்.

2008 உலக நிதி நெருக்கடிக்கு முன்னால் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி 1 டாலர் சொந்தக் காசை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 30 டாலர் சொத்தைச் சுமந்தது. சொத்து மதிப்பு மூன்று நான்கு விழுக்காடு இறங்கினால் போதும், கதை முடிந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு உலக நாடுகளின் ஒழுங்குமுறையாளர்கள் கூடிப் பேசி எழுதிய பேசல் 3 விதிகளின் சாரம், சொந்தக் காசைக் கூட்டு என்பதுதான். இந்தியாவில் வங்கிகள் ஆபத்தை எடைபோட்டுக் கணக்கிட்ட 100 ரூபாய்ச் சொத்துக்குக் குறைந்தது 9 ரூபாயும், கெட்ட காலத்துக்கென்று மேலும் 2.50 ரூபாயும் மூலதனமாக வைத்திருக்க வேண்டும். எடைபோடுவது என்றால், அரசுப் பத்திரத்துக்கு எடை குறைவு, ஈடில்லாக் கடனுக்கு எடை அதிகம். அதற்கு மேல் உள்ள நுணுக்கம் நமக்கு வேண்டாம்.

## தள்ளுபடி என்னும் தகராறு

டீக்கடையில் மேசையைத் தட்டிச் சண்டை நடப்பது இந்தச் சொல்லில்தான். தமிழில் நாம் இரண்டு வேறு காரியங்களுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி வந்தது நினைவிருக்கும். எங்கள் தெருவில் சிலர் பணம் கட்டாமலே நகையை வாங்கி வந்தார்கள். அது முழுத் தள்ளுபடி. கடன் வாங்கியவர் இனிக் கட்ட வேண்டாம், அவருக்காகச் சங்கத்துக்கு அரசு கொடுக்கும்.

வங்கிகள் ஆண்டுதோறும் பெரிய கடன்களைத் "தள்ளுபடி" செய்தன என்று செய்தி வருகிறதே, அது வேறு. ஒரு கடனுக்கு வட்டியோ அசலோ 90 நாளுக்கு மேல் வராமல் நின்றால் அது வாராக்கடன் பட்டியலில் சேரும். வங்கி அந்த நஷ்டத்துக்குத் தன் லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஒதுக்கும். முழுவதும் ஒதுக்கி முடித்த பிறகு, இனி இதைச் சொத்து என்று காட்டுவதில் அர்த்தமில்லை என்று கணக்கேட்டிலிருந்து எடுத்துவிடும். கடன்காரர் கட்ட வேண்டியது அப்படியே இருக்கும். வழக்கு நடக்கும், ஈட்டை ஏலம் விடுவார்கள்.

நான் கணக்கு எழுதும் கடைகளிலும் இது உண்டு. கருவாடு வாங்கிப்போய் மூன்று வருடமாகத் தலைகாட்டாத வியாபாரியின் பாக்கியை "வராது" பக்கத்துக்கு மாற்றிவிடுவோம். அதற்காக அவரைச் சந்தையில் பார்த்தால் முதலாளி சும்மா விடுவாரா?

சரி, அப்படியானால் டீக்கடையில் கோபப்படுகிறவர் சொல்வது தப்பா? முழுத் தப்பும் இல்லை. கணக்கிலிருந்து எடுத்த பெரிய கடன்களில் திரும்பி வருவது சிறு பங்குதான். ஆயிரக்கணக்கான கோடி போனபோது ஆளை வெளிநாடு போக விட்டுவிட்டு, 50,000 ரூபாய் நகைக்கடனுக்கு வட்டி கட்டாத பெண்ணின் தாலிச் சங்கிலியை ஏலம் விட்டால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், சொல்லைத்தான் குறை சொல்கிறேன். "கணக்கு நீக்கம்" என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தால் பாதிச் சண்டை ஓயும்.

இந்த வாராக்கடன்தான் இந்திய வங்கிகளின் ஓட்டை. 2015-இல் ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது ரிசர்வ் வங்கி ஒவ்வொரு வங்கியின் கடன் புத்தகத்தையும் உள்ளே புகுந்து பார்த்தது. வண்ணம் பூசி மறைத்திருந்த வெடிப்பெல்லாம் வெளியே தெரிந்தது. 2018 மார்ச்சில் மொத்தக் கடனில் சுமார் 11 விழுக்காடு வாராக்கடன். பொதுத்துறை வங்கிகளில் இன்னும் அதிகம். 2017 அக்டோபரில் மத்திய அரசு அவற்றுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் சேர்க்கும் திட்டத்தை அறிவித்தது. 2016-இல் வந்த திவால் சட்டம் கடன்காரர் கையிலிருந்து நிறுவனத்தையே பிடுங்கி விற்க வழி செய்தது. 2024-இல் வாராக்கடன் 3 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. அந்த இறக்கத்தில் வசூலானதும் உண்டு, கணக்கிலிருந்து நீக்கியதும் உண்டு. படகு சரியானது உண்மைதான், கூலியில் ஒரு பெரிய பங்கு நம் வரியிலிருந்து போனது என்பதும் உண்மைதான்.

## கயிறு அறுந்த படகு

அப்படியானால் மோசமாக நடத்திய வங்கியை மூழ்கவிட்டால் என்ன? மாமா கேட்டதும் இதுதான்: "தப்பு பண்ணவன் முழுகட்டும், நமக்கென்ன?"

பாம்பனில் புயல் சின்னம் வந்தால் படகுகளை நெருக்கி நிறுத்திக் கட்டுவார்கள். இரவில் ஒரு படகின் கயிறு அறுந்தால் அது சும்மா போகாது. பக்கத்துப் படகில் மோதும், அதன் கயிறும் அறும். விடிந்து பார்த்தால் கயிற்றை ஒழுங்காகக் கட்டியவர் படகும் சேர்ந்து நொறுங்கிக் கிடக்கும். வங்கிகளும் இப்படித்தான் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று இன்னொன்றுக்குக் கடன் கொடுத்திருக்கும், இரண்டும் ஒரே மாதிரிப் பத்திரங்களை வைத்திருக்கும். ஒன்று விழுந்தால் மற்றதன் வாசலிலும் வரிசை நிற்கும். தொற்று என்று இதைச் சொல்கிறார்கள்.

லேமன் விழுந்த பிறகு பணம் வைத்திருந்தவர்கள் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. அமெரிக்க அரசு 70,000 கோடி டாலர் வரை செலவிட நாடாளுமன்றத்திடம் அனுமதி வாங்கியது. வங்கிகளுக்குப் போன பகுதி பின்னாளில் லாபத்தோடு திரும்பியது. அந்த நெருக்கடியில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்களுக்கு அப்படி எதுவும் திரும்பவில்லை. இங்கே அந்த அலை மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் ரிசர்வ் வங்கி 2008 அக்டோபரிலிருந்து 2009 ஏப்ரலுக்குள் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 9 விழுக்காட்டிலிருந்து 4.75 ஆகக் குறைத்தது. ரொக்க இருப்பு விகிதத்தையும் 9-லிருந்து 5 ஆக்கியது. கடன் ஓட்டம் நின்றுபோனால் வங்கிக்கே போகாதவருக்கும் அடி விழும். இறாலுக்கு வெளிநாட்டில் ஆர்டர் குறையும், ஏற்றுமதிக் கம்பெனி விலையைக் குறைக்கும், அது மண்டபம் கரையில் ஏலத்தில் தெரியும்.

அதனால் அரசுகள் கண்டுபிடித்த நடுவழி: வங்கியின் வேலையைக் காப்பாற்று, அதன் முதலாளியைக் காப்பாற்றாதே. சொல்வது சுலபம். நடந்த கதைகளைப் பார்ப்போம்.

## நஷ்டம் யார் தலையில்?

கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. வாராக்கடனால் அதன் மூலதனம் கரைந்துபோனது. 2020 நவம்பர் 17 அன்று அரசு மொரட்டோரியம் விதித்தது. அதாவது, குறிப்பிட்ட காலத்துக்கு இந்த அளவுக்கு மேல் யாரும் பணம் எடுக்க முடியாது என்ற தற்காலிகத் தடை. இங்கே அந்த அளவு 25,000 ரூபாய். பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் கொண்டுவந்தது. டெபாசிட்தாரர் ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கோ பங்கின் மதிப்பு பூஜ்யம். வங்கி நொடித்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு விற்றதால் மூலதனமாக எண்ணப்பட்ட 318 கோடி ரூபாய்ப் பத்திரங்களும் போயின. நம்ம ஊர் வங்கி என்று நம்பிப் பங்கு வாங்கிய நடுத்தரக் குடும்பங்களும் அதில் உண்டு. கேட்க வருத்தமாக இருக்கும். ஆனால் முதல் அடி சொந்தக் காசுக்கு என்ற விதி எழுத்துப்படி நடந்தது அங்கேதான்.

அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கிக்கு வேறு வழி. எடுக்கும் வரம்பு 50,000 ரூபாய் என்று தடை போட்டு, ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகளை முதலீடு செய்ய வைத்து, இரண்டு வாரத்துக்குள் திறந்துவிட்டார்கள். அங்கும் 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் அழிக்கப்பட்டு வழக்கு நீதிமன்றம் போனது. டெபாசிட் மாதிரிதான் என்று சொல்லித் தங்களிடம் விற்றார்கள் என்பது சிலரின் புகார். கூடுதல் வட்டி தருகிறேன் என்று வங்கியே கொடுக்கும் எந்தத் தாளும் டெபாசிட் ஆகிவிடாது.

மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் நடந்தது மிக மோசம். கடனில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்துவிட்டு, போலிக் கணக்குகளால் மறைத்திருந்தார்கள். 2019 செப்டம்பரில் தடை வந்தபோது முதல் வரம்பு வெறும் 1,000 ரூபாய். அப்புறம் படிப்படியாக உயர்த்தினார்கள். 2022 ஜனவரியில் வேறொரு சிறு நிதி வங்கியோடு சேர்த்தபோது, பெரிய தொகை போட்டவர்கள் முழுப் பணத்துக்கு 10 ஆண்டுவரை காத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இங்கே "எவனோ சுருட்டிட்டான்" என்ற டீக்கடைப் பதில் சரி.

இந்த ஏற்பாடுகள் எதுவுமே இல்லாத காலமும் இருந்தது. 1906 அக்டோபரில் சென்னையின் பெரிய வெள்ளைக்கார வங்கி நிறுவனமான ஆர்பத்நாட் விழுந்தது. ரிசர்வ் வங்கி இல்லை, அது வந்தது 1935-இல். டெபாசிட் காப்பீடு இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அதை நடத்திய கூட்டாளிகளில் ஒருவரான ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தச் சூட்டில்தான் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

சுருக்கமாக வரிசை இது: நஷ்டம் முதலில் பங்குதாரருக்கு, அடுத்து மூலதனப் பத்திரம் வாங்கியவருக்கு, கடைசியில்தான் டெபாசிட்தாரருக்கு. அந்தக் கடைசி ஆளுக்கு அடியில் ஒரு வலை கட்டியிருக்கிறது.

## அந்த 5 லட்சம்

கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி 1960-இல் மூடப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு சட்டம் வந்து, 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. வங்கி மூழ்கினால் குறிப்பிட்ட தொகை வரை கட்டாயம் திருப்பித் தரும் ஏற்பாடு இது. முதலில் 1,500 ரூபாய். 1993-இல் 1 லட்சம். 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். பிரீமியம் வங்கிதான் கட்டும், நம்மிடம் வாங்கக் கூடாது. 2021-இல் திருத்திய சட்டப்படி, தடை விதித்து 90 நாளுக்குள் இந்தத் தொகை கைக்கு வர வேண்டும்.

இதில் மூன்று இடத்தில் ஆட்கள் தவறுகிறார்கள். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம். ஒரே வங்கியில் ராமநாதபுரம் கிளையில் ஒன்று, கீழக்கரைக் கிளையில் ஒன்று என்று உங்கள் பெயரில் பிரித்துப் போட்டாலும் இரண்டும் கூட்டி ஒரே 5 லட்சம்தான். வேறு வேறு வங்கி என்றால் தனித்தனி.

மூன்றாவதுதான் எங்கள் பக்கத்தில் முக்கியம். ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு, சங்கத்துக்கு இல்லை. போர்டு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பார்த்தால் தெரியாது. ஏலச்சீட்டுக்கும், நிதி கம்பெனிக்கும், ஊரில் நகைக்கடை நடத்தும் சேமிப்புத் திட்டத்துக்கும் இல்லவே இல்லை. வளைகுடாவில் வெயிலில் வெந்து அனுப்பிய பணத்தை இரண்டு விழுக்காடு கூடுதல் வட்டிக்காக இப்படிப் போட்டுவிட்டு நிற்கிற வீடுகளை எனக்குத் தெரியும்.

## கூண்டு ஏற்றுவது

பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் கூண்டு ஏறினால் புயல் வந்துவிட்டது என்று பொருளில்லை. பார்த்து இருங்கள் என்று பொருள். எண் ஏற ஏற நடவடிக்கை கூடும். ரிசர்வ் வங்கியிடமும் இப்படி ஒன்று இருக்கிறது, உடனடித் திருத்த நடவடிக்கை என்று பெயர். மூலதனம் குறைந்தாலோ, ஒதுக்கீடு போக மிச்சமிருக்கும் வாராக்கடன் 6 விழுக்காட்டைத் தொட்டாலோ வங்கியின் மீது கட்டுப்பாடு விழும். முதலில் லாபப் பங்கு தருவதற்குக் கட்டுப்பாடு, இன்னும் மோசமானால் புதுக் கிளை திறப்பதற்கும், அதற்கும் மேல் போனால் மேலும் சிலவற்றுக்கும். லட்சுமி விலாஸ் வங்கிக்கு இந்தக் கூண்டு 2019 செப்டம்பரிலேயே ஏறிவிட்டது, மூழ்குவதற்கு 14 மாதம் முன்பே. கூண்டு ஏற்றியவர்கள் அதற்குள் வேறு துறைமுகம் தேடியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கூண்டு ஏறிய எல்லா வங்கியும் மூழ்கியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல பொதுத்துறை வங்கிகள் இதிலிருந்து மீண்டு வந்திருக்கின்றன.

## கயிற்றை இறுக்கினால்

ஒழுங்குமுறை நல்லது என்றால் எல்லாவற்றையும் இறுக்கிவிடலாமே? அங்கேயும் ஒரு விலை இருக்கிறது. வங்கி ஒவ்வொரு கடனுக்கும் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்றால், கடனைக் குறைக்கும், அல்லது வட்டியைக் கூட்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர், பட்டா இல்லாதவர், நாட்டுப்படகுக்காரர், கடல்பாசி எடுக்கும் பெண்கள் முதலில் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். அப்புறம் அவர்கள் போகிற இடத்தில் எந்த விதியும் இல்லை. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடித்து வரும் மீனை அவர் சொன்ன விலைக்கு அவருக்கே கொடுக்க வேண்டியதுதான்.

நகைக்கடன் விதிகளை ரிசர்வ் வங்கி 2025-இல் மாற்ற முயன்றபோது தமிழ்நாட்டில் எழுந்த கூச்சல் இதனால்தான். நகை உங்களுடையதுதானா என்று ஆதாரம் கேட்கும் வரைவு ஏப்ரலில் வந்தது. பாட்டி போட்ட சங்கிலிக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? ஜூனில் வந்த இறுதி விதியில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம், 5 லட்சத்துக்கு மேல் 75 தான். மிச்சமிருக்கும் அந்த 15-ம் 25-ம் முன்பு சொன்ன அதே சொந்தக் காசுதான். தங்கம் விலை இறங்கினால் முதல் அடியை வாங்க நம் பக்கத்தில் விட்டுவைத்த இடம்.

அன்று சாயங்காலம் அத்தை 60,000 ரூபாயோடு திரும்பி வந்தார். கிளையில் கூட்டமே இல்லையாம், "எதுக்கும்மா பயப்படுறீங்க" என்று கேட்டுக்கொண்டே எண்ணிக் கொடுத்தார்களாம். பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்தார். மூன்றாம் நாள் வலைக்கடைக்குக் கொடுக்க மாமாவுக்கு 20,000 ரூபாய் தேவைப்பட்டது. ஜூன் 15-க்கு அப்புறம் தந்துவிடுவதாகச் சொன்னார்.

அத்தை பானையின் மூடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஈடு என்ன வைப்பீக?"

மாமா என்னைப் பார்த்து முறைத்துவிட்டு விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார்.